சக்கர வீடும் திண்ணை வீடும்

உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெறும் நாளன்று மாலை மரியாதைகளும் பிரிவுபசாரச் சொற்பொழிவுகளும் குறைவின்றி நடந்தேறுகின்றன. மறுநாள் பொழுது விடிந்ததும், பத்து மணிக்கு எங்கும் போகவேண்டியதில்லை என்ற புதிய நிலை வந்து சேருகிறது. அப்பொழுது குடும்பத்தில் ஒரு கேள்வி எழுகிறது. இனி எந்த ஊரில், எத்தகைய வீட்டில் இருப்பது?

1951ஆம் ஆண்டில் இந்தியாவில் அறுபது வயது கடந்தோர் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேரே. 2011ஆம் ஆண்டின் குடிமதிப்பில் அத்தொகை பத்துக் கோடியைத் தாண்டிவிட்டது. ஆகவே இது ஒரு சிலரின் கேள்வியன்று. இதற்கு வாடகை, அரிசி விலை, மருந்துச் செலவு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்து விடை காண்போர் பலர். அக்கணக்கு வேண்டியதே. ஆயினும் அதனினும் முக்கியமானதொரு கணக்கு உண்டு. அதனை விளக்கும் பொருட்டு, உலகின் இரு மூலைகளில் ஓய்வுபெற்றோர் நாள் கழிக்கும் முறையை இங்கே அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறோம். ஒன்று மெக்ஸிகோ நாட்டின் கடற்கரை. மற்றது நம் அண்டை மாநிலத்தின் மைசூர் அக்ரஹாரம்.

முதலில் கடற்கரைக்குச் செல்வோம். ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் மார்கழிக் குளிர் என்பது கம்பளியோடு தீர்வதன்று. பனி வாசற்கதவை அடைத்து நிற்கும். ஆதலால் ஓய்வுபெற்றோருள் ஒரு சாரார் நவம்பரில் தெற்கு நோக்கிப் புறப்பட்டு, ஏப்ரலில் ஊர் திரும்புகின்றனர். இவர்களைப் பனிப்பறவைகள் என்றே அங்கு அழைப்பர். இவர்களுள் பலர் தங்கள் வீட்டையே உடன் கொண்டு செல்கின்றனர். படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, கழிப்பறை ஆகிய யாவும் அடங்கிய மோட்டார் வண்டியே அவ்வீடு. இதனை 'ஆர்.வி.' என்று சுருக்கிச் சொல்வர். நாம் வண்டிவீடு எனலாம்.

மெக்ஸிகோவின் மேற்கில் பாஹா கலிபோர்னியா என்ற நீண்ட தீபகற்பம் இருக்கிறது. அதன் வடமுனையிலிருந்து தென்முனை வரை, ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் நீளமுள்ள நெடுஞ்சாலை 1973இல் முற்றுப்பெற்றது. அதன்பின் வண்டிவீடுகள் அங்கே செல்வது எளிதாயிற்று. முலஹே என்னும் ஈச்சமரச் சிற்றூருக்குத் தெற்கே உள்ள கன்செப்சியோன் விரிகுடாவின் கரையில், குளிர்காலத்தில் வண்டிவீடுகள் வரிசையாக நிற்பதைக் காணலாம்.

கடற்கரையில் மனை வாங்கி வீடு கட்டிக்கொள்ளலாகாதோ என்று நேயர்கள் வினவலாம். மெக்ஸிகோவின் 1917ஆம் ஆண்டு அரசியல் சாசனம், கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் அயல்நாட்டார் நிலத்தை நேரடியாகச் சொந்தமாக்கிக்கொள்வதைத் தடுக்கிறது. வங்கியின் பெயரில் அறக்கட்டளை முறையில் வாங்க வழியுண்டு. அதற்குச் செலவும் காகிதமும் மிகுதி. சக்கரத்தின் மேல் நிற்கும் வீட்டுக்கோ பத்திரப்பதிவு வேண்டியதில்லை.

இவ்வண்டிவீட்டில் அன்றாட வாழ்க்கை எவ்வாறு நடக்கிறது? காலையில் முதல் கவலை தண்ணீர். குடிநீர், இருபது லிட்டர் கொள்ளும் பெரிய புட்டிகளில் விலைக்கு வாங்கப்படுகிறது. குளிக்கவும் கழுவவும் வண்டியின் தொட்டியில் உள்ள நீர்தான். அது தீர்ந்தால் ஊருக்குள் சென்று நிரப்பவேண்டும். கழிவுத் தொட்டியையும் உரிய இடத்தில் வெறுமையாக்க வேண்டும். சமையலுக்குச் சிலிண்டர் வாயு. மின்சாரம் கூரைமேல் பதித்த சூரியத் தகடுகளிலிருந்து கிடைப்பதால், எத்தனை விளக்கு எரிகிறது என்பதில் எப்போதும் கண் இருக்கும். மீன், கரைக்கு வரும் சிறு படகுகளிலேயே கிட்டும். மக்காச்சோள ரொட்டியைக் கடையில் சூடாக எடை போட்டு வாங்கி, துணியில் சுற்றி எடுத்து வருவர். மூன்றாவது பெட்டிக்கு இடமில்லாத வீட்டில் தேவையற்ற பொருள் சேருவதே இல்லை. முப்பது ஆண்டுகள் சேர்த்த சாமான்களை விட்டுப் பிரியக் கற்றுக்கொள்வதே வண்டிவீட்டின் முதற்பாடம்.

குறைகளும் உண்டு. கோடையில் வெம்மை தாங்கவொண்ணாது; அதனை அடுத்துப் புயற்காலம் வருகிறது. அன்றியும், அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கு அமெரிக்க அரசு அளிக்கும் 'மெடிகேர்' என்ற மருத்துவக் காப்பு, பொதுவாக அந்நாட்டு எல்லைக்கு வெளியே செல்லாது. நெஞ்சுவலி வந்தால் கைப்பணமோ தனிக் காப்பீடோதான் துணை.

இந்நிலையில் அவர்களுக்கு அரணாக இருப்பது யாது? அடுத்த வண்டியில் இருப்பவரே. ஒருவர் புட்டி நிரப்பப் போகும்போது மற்றவர் புட்டியையும் எடுத்துச் செல்கிறார். அதே தீபகற்பத்தின் லா பாஸ் நகரில், படகுகளிலேயே வாழ்வோர் காலையில் சிறு வானொலிக் கருவிகளின் வழியே ஒருவரோடொருவர் பேசிக்கொள்கின்றனர். அப்பேச்சில் முதலில் கேட்கப்படுவது, எவருக்கேனும் ஆபத்து உண்டா என்பதே. வானிலையும் வருவோர் போவோர் செய்தியும் அதன் பிறகுதான்.

நிற்க. இனி மைசூருக்கு வருவோம். ஓய்வுபெற்றோரின் சுவர்க்கம் என்ற பெயர் ஒருகாலத்தில் பெங்களூருக்கும் வழங்கியது. அந்நகர் நெரிசலில் திணறத் தொடங்கியபின், அப்பெயர் மைசூருக்கே உரியதாகிவிட்டது. கடல் மட்டத்துக்கு மேல் 750 மீட்டருக்கும் மிகுந்த உயரமாதலின், சென்னையின் வெக்கையும் வேர்வையும் இங்கில்லை. பிளேக் நோய் பரவியதற்குப் பின், 1903இல் நகரச் சீர்திருத்தக் குழு ஒன்று அமைக்கப்பட்டு, அகன்ற வீதிகளோடு புதிய பேட்டைகள் உருவாயின. வானொலிக்கு நம் நாட்டில் வழங்கும் ஆகாசவாணி என்ற பெயரும் இந்நகரில் பிறந்ததே. 1935இல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தம் சொந்த முயற்சியால் இங்கே தொடங்கிய நிலையத்துக்கு அப்பெயர் அமைந்தது.

அரண்மனையிலிருந்து நடந்தே செல்லும் தொலைவில் உள்ளது அக்ரஹாரம். நூற்றொரு கணபதி கோயிலும் வாணி விலாச மார்க்கெட்டும் இப்பகுதியின் அடையாளங்கள். அக்ரஹாரம் என்பது அரசர்கள் அந்தணர்க்கு விட்ட குடியிருப்பைக் குறித்த சொல். அக்காலத்தில் அத்தகைய தெருக்களின் உறவும் உதவியும் ஒரு வகுப்பாரோடு நின்றன. பிறர்க்கு அங்கே இடமில்லை. இன்றைய மைசூரில் அச்சொல் கடைகளும் விடுதிகளும் பல வகுப்பாரின் வீடுகளும் நிறைந்த ஒரு பேட்டையின் பெயராக நிற்கிறது. வீட்டுக்குள் தமிழும் வாசலில் கன்னடமும் பேசும் குடும்பங்கள் மைசூரில் பல தலைமுறைகளாக உண்டு. ஆதலால் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறும் ஓய்வுபெற்றோருக்கு மொழி பெருந்தடையாக இருப்பதில்லை.

பழைய வீடுகளின் அமைப்பைக் கவனிக்கவேண்டும். ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டின் சுவர். முகப்பில் திண்ணை, கன்னடத்தில் அதனை ஜகலி என்பர். ஒரே முற்றத்தையும் ஒரே குழாயையும் பல குடித்தனங்கள் பங்கிட்டுக்கொள்ளும் வளாகங்களுக்கு வடாரம் என்று பெயர். நம் ஒண்டுக்குடித்தனம்தான் அது. இவ்வமைப்பு வண்டிவீடுகளின் வரிசையை ஒத்திருப்பதை நேயர்கள் உணர்ந்திருப்பர். இடம் சிறிது, அண்டை மிக அருகில், தனிமைக்கு வசதி குறைவு. இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும் என்பது இளமையில் தொல்லை. எழுபத்தைந்தில் அதுவே காவல்.

இங்கே ஓய்வுபெற்றோரின் ஒரு நாள் விடியுமுன்னரே தொடங்குகிறது. கால் வலுவுள்ளோர் 1864இல் வெட்டப்பட்ட குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடக்கின்றனர். மேலும் வலுவுள்ளோர் சாமுண்டி மலையின் ஏறத்தாழ ஆயிரம் படிகளை நாடுவர். பெரும்பாலோர் பாதிக்கு மேல் வரும் நந்தியோடு திருப்தியடைவர். பால் வாங்கி, குடகுக் காப்பிப்பொடியில் டிக்காஷன் இறக்கி, பத்திரிகையைத் தலையங்கம் ஈறாகப் படித்து முடிப்பதற்குள் எட்டு மணியாகிவிடும். பின்னர் மார்க்கெட். ஒரே நாளில் வாரத்துக்குரிய காய்கறியை வாங்கிவிடும் வழக்கம் ஓய்வுபெற்றோரிடம் இல்லை. கால் கிலோ அவரைக்காயும் ஒரு முழம் மல்லிகையும் வாங்க நாள்தோறும் போவர். அதில் காய் பாதி, பேச்சுப் பாதி. 2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் வாழும் பெண்டிர்க்கு அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமில்லை. ஆதலால் மூதாட்டியர் நஞ்சன்கூடு கோயிலுக்குச் சென்றுவரக் கணவரிடமும் மகனிடமும் காசு கேட்க வேண்டியதில்லை. ரயிலிலோ, முதியோர்க்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. மாலையில் கோயில், கச்சேரி, அன்றேல் திண்ணை.

வருவாயைப் பற்றி ஒரு சொல். பென்ஷனை நம் முன்னோர் உபகாரச் சம்பளம் என்றனர். அது எவரும் செய்த உபகாரமன்று. முன்பே உழைத்ததற்குப் பின்னர்க் கிடைக்கும் ஊதியமே என்ற கருத்தை உச்சநீதிமன்றம் 1982 டிசம்பர் 17ஆம் நாள் நகாரா வழக்கில் நிலைநாட்டியது. அந்நாளைப் பென்ஷன்தாரர் தினமாகக் கொண்டாடுகின்றனர். மத்திய அரசின் பென்ஷன்தாரருக்கு எண்பது வயது நிறைந்தால் அடிப்படைத் தொகையில் நூற்றுக்கு இருபது கூடுதலாகக் கிடைக்கும். நூறு வயதில் அது இருமடங்காகும். எனினும் 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோர், படைத்துறையினர் நீங்கலாக, சந்தாவைச் சார்ந்த புதிய முறையின் கீழ்க் கொண்டுவரப்பட்டனர். ஆதலால் தந்தையின் பென்ஷனைக் கண்டு மகன் தன் முதுமைக்குக் கணக்குப் போடலாகாது.

ஆண்டுதோறும் நவம்பரில், தாம் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்கும் சான்றிதழைப் பென்ஷன்தாரர் அளிக்கவேண்டும். 2014 முதல் விரல்ரேகையைக் கொண்டே இதனைச் செய்ய வழி ஏற்பட்டது. முதியோரின் விரல்ரேகைகள் தேய்ந்துபோவதால் கருவி பலமுறை ஏற்க மறுத்தது. 2021இல் முகத்தைக் கொண்டு அடையாளம் காணும் முறை வந்தது. தபால்காரரை வீட்டுக்கே வரவழைத்துச் சிறு கட்டணத்தில் முடித்துக்கொள்ளவும் இயலும். மருத்துவத்தைப் பொறுத்தவரை, மைசூரில் கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனை என்ற பெரிய அரசு ஆஸ்பத்திரி உண்டு. மேலும், எழுபது வயது நிறைந்தோர் அனைவருக்கும், வருமான வேறுபாடின்றி, ஆண்டுக்கு ஐந்து லட்ச ரூபாய் வரை ஆயுஷ்மான் திட்டத்தில் காப்பு 2024 அக்டோபர் 29 முதல் விரிவாக்கப்பட்டது.

நம்மவருள்ளும் பனிப்பறவைகள் உண்டு. மகன் கலிபோர்னியாவிலும் மகள் பெங்களூரிலும் இருக்க, ஆண்டில் ஆறு மாதம் அங்கும் எஞ்சிய மாதங்கள் இங்குமாகக் கழிப்போரையே குறிப்பிடுகிறோம். பூட்டிய வீட்டுக்குத் திரும்பி வரும்போது, குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்து, விளக்கைப் போட்டு வைத்திருக்க ஒருவர் இல்லையேல், அவ்வீடு சொந்த வீடாயினும் சத்திரமே.

இப்பொழுது தொடக்கத்தில் குறிப்பிட்ட கணக்குக்கு வருகிறோம். ஒரு நாட்காலை நம் கதவு திறக்கவில்லை எனின், அதனை யார் கவனிப்பார்? எத்தனை மணி நேரத்தில் கவனிப்பார்? வண்டிவீட்டின் திரை விலகாவிடில் பக்கத்து வண்டிக்காரர் தட்டிப் பார்ப்பார். அக்ரஹாரத்தில் வாசலில் கோலம் இல்லை, பால் உறை எடுக்கப்படவில்லை என்றால் எட்டு மணிக்குள் எவரேனும் குரல் கொடுப்பர். ஆனால் திண்ணை வீடுகள் இடிந்து, அவ்விடத்தில் கடைகளும் அடுக்குமாடிகளும் எழும்புந்தோறும் இக்காவல் தானாகக் கிடைப்பது குறைகிறது. காவலாளியும் மின்தூக்கியும் உள்ள கட்டடத்தில், பக்கத்துக் கதவின் பெயரறியாமல் பத்தாண்டு வாழ்ந்துவிட இயலும்.

ஆகவே ஓய்வுபெற இருப்போர் மூன்று செயல்களை மேற்கொள்வது நலம். முதலாவது, குடியேற விரும்பும் ஊரில் வீடு வாங்குமுன் ஓராண்டேனும் வாடகைக்கு இருந்து பார்த்தல். மழையிலும் வெயிலிலும், முழங்கால் வலியோடும் அத்தெருவில் நடந்து பார்க்கவேண்டும். இரண்டாவது, இருக்கும் வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுக்க அவசரப்படாதிருத்தல். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பேணிக் காக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் மீட்க வழி செய்கிறது. ஆதலின் கொடுப்பதாயினும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதவேண்டும். மூன்றாவது, அண்டை வீட்டார் ஒருவரிடம் மாற்றுச் சாவியும் மருத்துவர் பெயரும் பிள்ளைகளின் தொலைபேசி எண்ணும் கொடுத்து வைத்தல். அவருடையவற்றை நாமும் பெற்றுக்கொள்ளுதல். இம்மூன்றாவதற்குச் செலவே இல்லை. ஆயினும் பலர் செய்யாது விடுவது இதனைத்தான்.

எவரும் இல்லாதோர் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம். அண்டையார் உள்ளோரும் அவ்வெண்ணைச் சுவரில் எழுதி வைப்பது நன்று. தெருவாயினும் கடற்கரையாயினும், காலையில் நம் கதவைத் தட்டுவதற்கு ஒருவரும், நாம் சென்று தட்டுவதற்கு ஒரு கதவும் இருக்கின்றனவா என்று பார்த்தபின் வீட்டைத் தேர்ந்தெடுப்போமாக. உடலில் வலு உள்ளபோதே அதனைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.