பழைய கணினிகளில் அடைபட்டிருக்கும் எம்மவர் குரல்கள்

சோஹார், மஸ்கற், டுபாய், டோகா என்று வளைகுடாவுக்கு வேலைக்கு வந்த எம்மவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதியதோடு நிற்கவில்லை. எழுதப் பழகாதவர்களும், எழுதினால் மனம் ஆறாதவர்களும் கசெற்றில் பேசி, ஊருக்குப் போகிறவர்களின் பெட்டிக்குள் வைத்து அனுப்பினார்கள். ஊரிலிருந்து அம்மாவும் பிள்ளைகளும் பேசிய கசெற் திரும்பி வந்தது. பின்னர் அந்தக் குடும்பங்களில் பல கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சிதறின. கசெற்றுகளில் சில கூடவே போயின, பல வழியில் தொலைந்தன.

1990களின் நடுப்பகுதியில் இந்தப் பழக்கம் கணினிக்கு மாறத் தொடங்கியது. ஓமானுக்கு இணையம் 1997இல்தான் வந்தது. ஆனால் அதற்கு முன்பே கணினியில் குரலைப் பதிந்து புளொப்பியில் கொடுத்துவிட முடிந்தது. இன்று வீட்டுக் களஞ்சிய அறையில் கிடக்கும் பழைய கணினியையோ புளொப்பியையோ எடுத்துப் பார்ப்பவர்கள், கோப்பு இருக்கிறது, ஆனால் பேசவில்லை என்று கைவிட்டு விடுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் குரல் அழியவில்லை. அதைத் திறக்கும் சாவிதான் புதிய கணினியில் இல்லை. அந்தச் சாவி எது, அதை எப்படி மீண்டும் பெறுவது என்பதைப் பார்ப்போம்.

ஒலி அட்டையும் இயக்கியும்

அந்நாளைய கணினிக்குத் தானாகக் குரலைப் பதியத் தெரியாது. ஒலி அட்டை ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டரும், 1992இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16உம் இதில் பெயர்பெற்றவை. அட்டையைப் பொருத்தினால் மட்டும் போதாது. அதை இயங்குதளத்துக்கு அறிமுகப்படுத்தும் இயக்கி மென்பொருளையும் நிறுவ வேண்டும். அட்டையின் முகவரி 220, குறுக்கீட்டு எண் 5 அல்லது 7 என்று கையால் குறித்துக்கொடுத்த காலம் அது. அச்சுப்பொறியின் இணைப்பும் 7ஐயே பயன்படுத்தியதால், இரண்டும் மோதிக்கொண்டால் ஒலி விக்கும், அல்லது கணினியே உறைந்து நிற்கும். பழைய கணினி ஒன்றை இன்று மீண்டும் இயக்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.

ஒலியைச் சுருக்கியது ஏன்?

இறுவட்டின் தரத்தில், அதாவது நொடிக்கு 44,100 தடவை அளந்து, 16 பிட்டில், இரு தடங்களில் பதிந்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10.6 மெகாபைட் வேண்டும். 1.44 மெகாபைட் புளொப்பியில் அது எட்டு நொடிக்குத்தான் போதும். 'அம்மா, சுகமாக இருக்கிறீங்களா' என்று கேட்டு முடிவதற்குள் இடம் தீர்ந்துவிடும். தரத்தைக் குறைத்து, நொடிக்கு 8,000 தடவை, 8 பிட், ஒரு தடம் என்று பதிந்தாலும் மூன்று நிமிடம்தான் கிடைக்கும்.

இதற்குத் தீர்வாக வந்தவையே சுருக்கும் இயக்கிகள். இவற்றைக் கோடெக் என்பார்கள். விண்டோஸ் 95இல் மைக்ரோசொப்ட் பலவற்றைச் சேர்த்திருந்தது. அவற்றில் எம்மவர் கோப்புகளில் தேடிப் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று ஜி.எஸ்.எம். 6.10. கைத்தொலைபேசிக்காக உருவான இந்த முறையில் ஒரு நொடிப் பேச்சு 1,625 பைட்டில் அடங்கும். ஒரு புளொப்பியில் 15 நிமிடம் பேசலாம். மற்றது டி.எஸ்.பி. குரூப் நிறுவனத்தின் ட்ரூஸ்பீச். இதில் ஏறத்தாழ 23 நிமிடம் பேசலாம்.

இவை குரலை எப்படி இவ்வளவு சிறிதாக்குகின்றன? கேட்கும் ஒலி அலையை அப்படியே சேமிப்பதில்லை. மனிதத் தொண்டையும் வாயும் ஒலியை உருவாக்கும் விதத்தை ஒரு கணித மாதிரியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிறு துண்டுக்கும் அந்த மாதிரி எப்படி அசைய வேண்டும் என்பதை மட்டும் எழுதி வைக்கின்றன. ஜி.எஸ்.எம்.மில் ஒரு துண்டின் நீளம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அதனால் பேச்சு தெளிவாகக் கேட்கும். பின்னால் ஒலித்த கோயில் மணியும் காகமும் கரகரப்பாகிவிடும். நொடிக்கு 8,000 தடவை மட்டுமே அளப்பதால் 4,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியும் இல்லாமல் போகும். 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் மங்கிக் கேட்பது இதனால்தான். அப்படி இழந்ததை எந்த மென்பொருளாலும் மீட்டுத் தர முடியாது.

நிறுவிய விதம்

விண்டோஸ் 95, 98 கணினி கையில் இருந்தால் வழி இதுதான். கட்டுப்பாட்டுப் பலகத்தில் மென்பொருள்களைச் சேர்க்கும் பகுதிக்குப் போய், விண்டோஸ் அமைப்பு என்ற தத்தலில் பல்லூடகம் என்பதைத் திறக்க வேண்டும். அங்கே ஒலிச் சுருக்கம் என்பதற்கு நேரே அடையாளமிட்டால், விண்டோஸ் இறுவட்டிலிருந்து கோடெக்குகள் நிறுவப்படும். அதன்பின் ஒலிப்பதிவுச் செயலியில் கோப்பைச் சேமிக்கும்போது, மாற்று என்ற பொத்தானை அழுத்தி ஜி.எஸ்.எம். அல்லது ட்ரூஸ்பீச்சைத் தெரியலாம்.

அந்தச் செயலி ஒரு தடவைக்கு 60 நொடிதான் பதியும். தொடர்ந்து பேச மீண்டும் பொத்தானை அழுத்த வேண்டும். பழைய பதிவுகள் சில ஒரு நிமிடத்தோடு அறுந்து நிற்பதற்கு இது காரணமாக இருக்கலாம். மிகுதி அடுத்த கோப்பில் இருக்கக்கூடும், தேடிப் பாருங்கள்.

இன்று திறக்காதது ஏன்?

வேவ் என்பது ஒரு கடித உறை மாதிரி. எல்லா உறைகளும் வெளியே ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே எந்த முறையில் எழுதியிருக்கிறது என்பதைக் கோப்பின் தலைப்பகுதியில் உள்ள ஓர் எண் சொல்லும். 1 என்றால் சுருக்காத ஒலி. 34 என்றால் ட்ரூஸ்பீச். 49 என்றால் ஜி.எஸ்.எம். 85 என்றால் எம்பி3. பிற்கால விண்டோஸ்களில் ட்ரூஸ்பீச் கைவிடப்பட்டது. உறையைக் கண்ட கணினி உள்ளே உள்ள மொழியை வாசிக்கத் தெரியாமல் 'கோப்பு பழுதாகிவிட்டது' என்பதுபோல ஒரு செய்தியைக் காட்டுகிறது. அதை நம்பி அழித்துவிடாதீர்கள்.

வி.எல்.சி. என்ற இலவசச் செயலியில் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். அதற்குள் இருக்கும் எஃப்.எஃப்.எம்பெக் நூலகத்துக்கு ட்ரூஸ்பீச், ஜி.எஸ்.எம். மட்டுமல்ல, சவுண்ட் பிளாஸ்டரின் வொக் கோப்பும் தெரியும். கோடெக் தருகிறோம் என்று இணையத்தில் அறிமுகமில்லாதவர்கள் கொடுக்கும் கோப்புகளை நிறுவாதீர்கள். கிருமி மென்பொருள் வருவது அந்த வழியில்தான்.

செய்ய வேண்டியவை

பழைய கணினியை எடுத்தவுடன் மின்சாரம் கொடுக்காதீர்கள். வளைகுடாவில் கோடை வெப்பம் 40 பாகையைத் தாண்டும். கடற்கரை ஈரப்பதனும் சேரும். குளிரூட்டாத அறையில் பல ஆண்டுகள் கிடந்த கணினியில் மின்கலம் கசிந்து பலகையை அரித்திருக்கலாம். வன்தட்டைக் கழற்றி, யூ.எஸ்.பி. இணைப்பி ஒன்றின் மூலம் புதிய கணினியில் பொருத்தி, முழுவதையும் படியெடுங்கள். புளொப்பி என்றால் அதன் மூலையில் உள்ள சிறு கதவை நகர்த்தித் துளை தெரியும்படி விடுங்கள். அப்போது அதில் எதுவும் தவறுதலாக எழுதப்படாது. 'போர்மட் செய்யவா' என்று கணினி கேட்டால் 'இல்லை' என்றே சொல்லுங்கள்.

படியெடுத்தபின் மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, கேட்பதற்குச் சுருக்காத வேவ் அல்லது பிளாக் வடிவில் இன்னொரு பிரதி எடுங்கள். ஏற்கெனவே சுருக்கியதை எம்பி3 ஆக மீண்டும் சுருக்கினால், எஞ்சியிருப்பதிலும் ஒரு பங்கு போய்விடும்.

கசெற்றுக்குப் பழைய கணினி தேவையில்லை. பின்புறத்தில் உள்ள சிறு தாவல்களை உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் தவறுதலாகப் பதிய முடியாது. கசெற் கருவியின் ஒலி வெளியீட்டைக் கணினியின் 'லைன் இன்' துளையில் இணையுங்கள், ஒலிவாங்கித் துளையில் அல்ல. மடிக்கணினியில் அந்தத் துளை இல்லாவிட்டால் யூ.எஸ்.பி. ஒலி இணைப்பி ஒன்று போதும்.

இன்றைய குரல்களையும் மறக்கக்கூடாது. ஓமானில் இணைய அழைப்புகளுக்கு நீண்டகாலம் தடை இருந்துவந்ததால், சோஹார் துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவர்களுக்கு வட்ஸ்அப் குரல் செய்திதான் பழைய கசெற்றின் இடத்தைப் பிடித்தது. அதுவும் ஒபஸ் என்ற கோடெக்கில் சுருக்கிய கோப்புத்தான். கைபேசியை மாற்றும்போது அதுவும் காணாமல் போகும். முக்கியமானவற்றை வெளியே எடுத்து வையுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு கோப்புக்கும் பேசியவர் யார், யாருக்குப் பேசினார், எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு என்று ஒரு வரி எழுதி வையுங்கள். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் நிறுவனம் போன்ற ஆவணக் காப்பகங்களுக்குக் கொடுப்பதென்றால் குடும்பத்தாரின் சம்மதத்தையும் முதலில் பெறுங்கள். குரலை அடையாளம் காணக்கூடிய பெரியவர்கள் இன்னும் எம்முடன் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதும் அந்த வரி இல்லாவிட்டால், கோப்பைக் காப்பாற்றியும் பேசுவது யாரென்று எமது பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகும்.