வர மாட்டேன் என்ற மனைவி
செராம்பூர் பாதிரியார் கேரியின் குடும்பம் பட்ட பாடு

கல்கத்தா பக்கம் பிழைக்கப் போன தமிழர்கள் வில்லியம் கேரியின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஹவுராவில் லோக்கல் ரயில் ஏறினால் சுமார் 20 கிலோ மீட்டரில் செராம்பூர். அவரும் நண்பர்களும் 1818-ல் தொடங்கிய கல்லூரி ஹூக்ளி ஆற்றங்கரையில் இன்றும் நடக்கிறது. பல இந்திய மொழிகளில் பைபிளை அச்சிட்டவர், வங்காள உரைநடை வளரத் துணை நின்றவர், உடன்கட்டை ஏறுவதை எதிர்த்தவர் என்று அவரைப் பற்றி நிறையச் சொல்வார்கள்.

அந்தப் புகழுக்கு முன்னால் ஏழு ஆண்டுகள் உண்டு. நாளைக்குச் சாப்பாடு எங்கே, படுக்கை எங்கே என்று தெரியாமல் மனைவி மக்களோடு அவர் அலைந்த ஆண்டுகள் அவை. அதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

கேரி 1761-ல் இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயர் மாவட்டத்தில் பிறந்தவர். தொழில் செருப்புத் தைப்பது. தைத்துக்கொண்டே லத்தீனும் கிரேக்கமும் படித்துப் போதகர் ஆனார். 1792-ல் நண்பர்களுடன் சேர்ந்து மிஷன் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். முதல் கூட்டத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட நன்கொடை 13 பவுன், 2 ஷில்லிங், 6 பென்ஸ். அந்தத் தைரியத்தில்தான் இந்தியாவுக்குப் புறப்பட்டார்!

மனைவி டோரதி வர மறுத்துவிட்டார். திருமணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதிலாகக் கீறல் போட்ட கிராமத்துப் பெண். ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகளைப் பறிகொடுத்தவர். அப்போது நிறைமாதம் வேறு. மூத்த மகன் பெலிக்சை மட்டும் அழைத்துக்கொண்டு கேரி கப்பல் ஏறினார். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதிச் சீட்டு அவரிடம் இல்லை. ஒயிட் தீவுக்கு அருகிலேயே இறக்கிவிட்டார்கள்.

இந்தத் தடங்கல்தான் டோரதியின் தலையெழுத்தை மாற்றியது. வேறு கப்பல் கிடைப்பதற்குள் கேரியும் அவருடைய கூட்டாளி டாக்டர் ஜான் தாமசும் ஊர் திரும்பினார்கள். டோரதி மறுபடியும் மறுத்தார். குடும்பம் ஒரேயடியாகப் பிரிந்துவிடும், பிறகு காலமெல்லாம் வருந்துவாய் என்று தாமஸ் அழுத்திச் சொன்ன பிறகே மனம் மாறினார். தங்கை கிட்டியும் கூட வர வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு நாள் அவகாசத்தில் மூட்டை கட்டி, கைக்குழந்தையோடு புறப்பட்டார். 1793 ஜூன் 13-ல் டோவரிலிருந்து டேனிஷ் கப்பல் கிளம்பியது. ஐந்து மாதம் வழியில் எந்தத் துறைமுகத்திலும் கால் வைக்காமல், நவம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தது.

கையில் காசில்லை

தாமஸ் நல்ல வைத்தியர், இளகிய மனசுக்காரர். ஆனால் கையில் காசு தங்காத ஆசாமி. சங்கத்தின் பணம் அவர் பொறுப்பில்தான் இருந்தது. சில வாரங்களில் கரைந்துவிட்டது. கல்கத்தா, பந்தேல், மறுபடி கல்கத்தாவை அடுத்த மாணிக்தலா என்று மூன்று மாதத்துக்குள் மூன்று ஜாகை. மாணிக்தலாவில் இடம் கொடுத்தவர் ஒரு வங்காளி லேவாதேவிக்காரர். டோரதிக்கும் பிள்ளைகளுக்கும் சீதபேதி. ரொட்டி கூடக் கிடைக்கவில்லையே என்று அக்காவும் தங்கையும் தினம் குறைப்பட்டுக்கொண்டதைக் கேரியே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

1794 பிப்ரவரியில் சுந்தரவனக் காட்டுப்பக்கம் தேப்ஹட்டா என்ற இடத்துக்குப் படகில் போனார்கள். அங்கே நிலம் திருத்திப் பிழைப்பதாக யோசனை. கொண்டுபோன உணவு தீரும் நேரத்தில் கரையில் ஒரு வெள்ளைக்காரர் வீடு தெரிந்தது. அவர் உப்பு இலாகா அதிகாரி சார்லஸ் ஷார்ட். முன்பின் தெரியாத அத்தனை பேரையும் வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டார். புலி நடமாடும் இடத்தில் கேரி மூங்கில் குடிசை கட்டிக்கொண்டிருந்தபோது, மால்டாவிலிருந்து கடிதம் வந்தது. முத்னாபாட்டி அவுரித் தொழிற்சாலையில் மானேஜர் வேலை, மாதம் 200 ரூபாய். மறுபடி மூட்டை, மறுபடி படகு, சுமார் மூன்று வாரப் பயணம். கிட்டி மட்டும் போகவில்லை. ஷார்ட்டையே கல்யாணம் செய்துகொண்டார். யாருக்காகத் துணை வந்தாரோ அந்த அக்கா தனியானார்.

பீட்டரின் சாவு

முத்னாபாட்டியில் மாடி வீடு கிடைத்தது. சம்பளம் வந்தது. இனி சங்கத்தின் பணம் வேண்டாம் என்று கேரி எழுதிவிட்டார். ராம்ராம் பாசு என்ற முன்ஷியிடம் வங்காளம் படித்தார். நிலைமை சீராகிவிட்டது என்று நினைத்த சமயம், 1794 அக்டோபரில் ஐந்து வயது மகன் பீட்டர் சீதபேதியில் இறந்தான். கேரியே காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தார். குழி தோண்ட யாரும் வரவில்லை. பலர் மறுத்த பிறகு நான்கு முஸ்லிம்கள் வந்து தோண்டினார்கள். பெட்டியைத் தூக்கவும் ஆள் கிடைக்காமல் பெற்றோரே சுமக்க வேண்டுமோ என்ற நிலை.

ஊரிலிருந்து ஒரு வரி ஆறுதல் இல்லை. முதல் தபால் கிடைத்ததே 1795 மே மாதம்தான். பின்னால் வந்த கடிதத்தில், மிஷன் வேலைக்குப் போனவர் வியாபாரத்தில் இறங்கலாமா என்று சங்கத்தார் எச்சரித்திருந்தார்கள்! வயிற்றுப்பாட்டுக்கு அவர்கள் ஏற்பாடு செய்த பணம் என்ன ஆயிற்று என்பதை நினைத்துப் பார்த்திருக்கலாம்.

டோரதியின் புத்தி இந்தச் சமயத்தில் பேதலித்தது. கணவர் பிற பெண்களிடம் போகிறார் என்று ஆதாரமில்லாத சந்தேகம். தெருவில் பின்தொடர்ந்து கத்துவார். ஒருமுறை கொல்லவும் முயன்றார் என்று தாமஸ் எழுதியிருக்கிறார். 1807 டிசம்பரில் இறக்கும் வரை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவருக்கு விடுதலை இல்லை. பக்கத்து அறையில் மனைவி கூச்சலிட, இந்த அறையில் கேரி மொழிபெயர்ப்பு செய்தார்.

கேரியின் பொறுமையைப் புகழ்கிறவர்கள் இதைத்தான் சொல்லிப் புகழ்வார்கள். புகழட்டும். அடைத்து வைக்கப்பட்டிருந்தவர் முதலிலேயே இரண்டு முறை "வர மாட்டேன்" என்று சொன்னவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கணவரின் நாட்குறிப்பும் நண்பர்களின் கடிதங்களும்தான் இன்று சாட்சி. டோரதி தரப்பைச் சொல்ல ஆள் இல்லை.

கடிகாரம் பார்த்து ஓடியவர்

அவுரித் தொழிலும் நிலைக்கவில்லை. 1799-ல் முத்னாபாட்டித் தொழிற்சாலையை மூட முடிவாயிற்று. புதிதாக வந்த மார்ஷ்மன், வார்டு ஆகியோரைக் கம்பெனி தன் எல்லைக்குள் விடவில்லை. ஆகவே 1800 ஜனவரியில் கேரி டேனிஷ் ஆட்சியிலிருந்த செராம்பூருக்குக் குடிபெயர்ந்தார். கூட்டுக் குடும்பம், ஒரே சமையல். தாய் இருந்தும் இல்லாத கேரியின் பிள்ளைகளைக் கவனித்தவர் மார்ஷ்மனின் மனைவி ஹன்னா. அடுத்த ஆண்டு கல்கத்தா போர்ட் வில்லியம் கல்லூரியில் கேரிக்கு மாதம் 500 ரூபாயில் ஆசிரியர் வேலை கிடைத்தது.

நிச்சயமில்லாத வாழ்க்கைக்கு அவர் கண்ட மருந்து நேரக் கணக்கு. 1806-ல் எழுதிய ஒரு கடிதத்தில் தன் ஒரு நாளை விவரித்திருக்கிறார். காலை 5-45-க்கு எழுந்து ஹீப்ரு. பிறகு வங்காளத்தில் ஜெபம், பாரசீகப் பாடம், பண்டிதரோடு ராமாயண மொழிபெயர்ப்பு. பத்து மணிக்குக் கல்லூரி. திரும்பியதும் புரூப் பார்த்தல், சமஸ்கிருதம். மாலை ஆறு மணிக்குத் தெலுங்குப் பண்டிதர். அதன் பிறகு பிரசங்கம். இரவு பதினொரு மணி வரை வங்காள மொழிபெயர்ப்பு. படுக்கும் முன் கடிதமும் கிரேக்கமும். இந்தப் பட்டியலில் டோரதிக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. டோரதி இறந்து ஐந்து மாதத்தில், 1808 மே மாதம், சார்லட் ரூமோர் என்ற டேனிஷ் சீமாட்டியை அவர் மணந்தார். கூட இருந்தவர்களே அவசரம் என்று முணுமுணுத்தார்கள்.

நேரக் கணக்குக்கும் அடங்காதது ஒன்று 1812 மார்ச் 11-ந் தேதி மாலை வந்தது. அச்சுக்கூடத்தில் தீ! கேரி அப்போது கல்கத்தாவில். மறுநாள் மார்ஷ்மன் படகில் போய்ச் சொன்னார். காகிதக் குவியல், கையெழுத்துப் பிரதிகள், பல மொழி எழுத்துகள் எல்லாம் போயின. தமிழ் எழுத்துகளும் அதில் உருகின. சாம்பலைக் கிளறியபோது எழுத்து வார்க்கும் அச்சுகள் சேதமில்லாமல் கிடைத்தன. உடனே வார்ப்பு வேலை தொடங்கியது. அடுத்த ஆண்டு தமிழ்ப் புதிய ஏற்பாடு செராம்பூரில் அச்சாகியது. தீயில் போன மொழிபெயர்ப்புகளைக் கேரி மறுபடி உட்கார்ந்து எழுதினார். பல ஆண்டு சேர்த்த பன்மொழி அகராதியை மட்டும் அவரால் திரும்ப எழுத முடியவில்லை.