பெருங்கற்காலச் சின்னங்களைக் காண ஒரு நாள் பயணம்: திட்டமிடுவது எப்படி?

ஆறாம் வகுப்பு சமூக அறிவியலில் ‘வட இந்தியாவில் வேதகாலப் பண்பாடும் தென்னிந்தியாவில் பெருங்கற்காலப் பண்பாடும்’ என்ற பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் பலருக்கும் இந்தச் சிக்கல் தெரிந்திருக்கும். கற்திட்டை, கற்பதுக்கை, நெடுங்கல், முதுமக்கள் தாழி என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் மாணவர்கள் இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். படத்தைக் காட்டிக் கேட்டால் கற்திட்டையைப் பதுக்கை என்பார்கள், பதுக்கையைத் திட்டை என்பார்கள். ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் இருப்பதில்லை. நிலத்துக்குள் பலகைக் கற்களைப் பெட்டிபோல் இறக்கி அமைத்தது பதுக்கை. அதே பெட்டி நிலத்துக்கு மேலே நின்றால் திட்டை. சுற்றிலும் உருண்டைப் பாறைகளை நிறுத்தியிருந்தால் கல்வட்டம்.

நமது கல்விச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் கோயில், அணை, பூங்கா, கடற்கரை என்று போய் வருகின்றன. அவற்றில் தவறில்லை. ஆனால் தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் ஒரு பெருங்கற்கால ஈமக்காடு இருக்கிறது. எங்கள் பள்ளியிலிருந்து புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் ஒன்றரை மணி நேரம். அங்கே மாணவர்களை அழைத்துச் சென்ற அனுபவத்திலிருந்து சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

இடங்களை அடுக்க வேண்டாம்

பயணம் என்றதும் எத்தனை இடம் பார்க்கலாம் என்றுதான் முதலில் கணக்குப் போடுகிறோம். பேருந்து வாடகை கொடுக்கிறோமே, திருமயம் கோட்டையையும் சேர்க்கலாம், குடுமியான்மலையையும் பார்த்துவிடலாம் என்று உடன் வரும் ஆசிரியர்களே சொல்வார்கள். நான் இடத்தை விட்டுவிட்டு ஒரு கேள்வியிலிருந்து தொடங்குவேன். நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி இது: ஆதிச்சநல்லூரில் இறந்தவர்களைப் பெரிய மண்தாழிகளில் வைத்துப் புதைத்தார்கள், சித்தன்னவாசலில் கற்களால் அறை கட்டினார்கள். ஏன் இந்த வேறுபாடு?

இதற்கு விடையின் ஒரு பகுதி நிலத்திலேயே இருக்கிறது. புதுக்கோட்டைப் பகுதியில் எங்கு திரும்பினாலும் கிரானைட் பாறைதான். அது அடுக்கடுக்காகப் பலகைபோல் பெயரும் தன்மை கொண்டது. தாமிரபரணிக் கரையில் நல்ல களிமண் கிடைக்கும். கேரளத்தின் திருச்சூர் பகுதிக்குப் போனால் வெட்டியெடுக்க எளிதான செம்பாறை. அங்கே அதைச் செதுக்கிக் குடைக்கல், தொப்பிக்கல் என்று வேறு வடிவங்களையே உருவாக்கினார்கள். நிலம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று சொல்லிவிட முடியாது. கல் நிறைந்த இடங்களிலும் தாழிகள் உண்டு, கல்வட்டத்துக்குள்ளேயே தாழி இருப்பதும் உண்டு. இந்த விதிவிலக்கையும் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். அவர்களே காரணம் யோசிக்கட்டும்.

கேள்வி முடிவானதும் இடங்கள் தாமாகச் சுருங்கிவிட்டன. சித்தன்னவாசல் ஈமக்காடு, அதன் அருகிலேயே உள்ள ஏழடிப்பட்டம், அறிவர் கோயில், பிறகு திருக்கோகர்ணத்தில் உள்ள புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம். அவ்வளவுதான்.

வடக்கே இருப்பவர்களுக்குச் செங்கல்பட்டுப் பகுதியில் சானூரும் குன்னத்தூரும் உண்டு. சானூரில் 1950, 1952 ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்தில் குன்றின்மேல் கற்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. கொங்குப் பகுதியினருக்கு நொய்யல் கரையில் கொடுமணல். மதுரை, சிவகங்கைக்காரர்களுக்குக் கீழடி அருங்காட்சியகமும், கீழடியின் இடுகாடாகக் கருதப்படும் கொந்தகையும். தென்கோடிக்கு ஆதிச்சநல்லூர்.

முன்னோட்டம் பார்க்காமல் போகாதீர்கள்

மாணவர்களை அழைத்துச் செல்வதற்கு இரண்டு வாரம் முன்பு நானும் எங்கள் பள்ளித் தமிழாசிரியையும் ஒரு விடுமுறை நாளில் போய்ப் பார்த்து வந்தோம். பேருந்து எங்கே நிற்கும், நிழல் எங்கே இருக்கும், குடிநீர் கிடைக்குமா, கழிப்பறை எங்கே என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். ஈமக்காட்டில் கழிப்பறை இருக்காது. பெண் குழந்தைகள் அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வெயிலில் நடப்பார்கள். எத்தனை மணிக்கு எங்கே நிறுத்தப் போகிறோம் என்பதை முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிட்டால் அந்தத் தயக்கம் குறையும்.

காலம் என்று பார்த்தால் பொங்கல் முடிந்து பிப்ரவரி வரை நல்லது. மழைக்காலத்தில் வளர்ந்த புல் காய்ந்து கற்கள் வெளியே தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புதர் மூடியிருக்கும், பாம்பு பயமும் அதிகம். மார்ச்சுக்குப் பிறகு பாறைச் சூடு தாங்காது.

ஒரு நாளின் வரிசை வெயிலைப் பொறுத்தது. காலை ஏழரைக்கு ஈமக்காட்டில் இருந்தோம். சாய்ந்த வெளிச்சத்தில் கற்களின் நிழல் நீண்டு விழுவதால், நண்பகலில் கண்ணுக்குப் படாத வட்டங்கள்கூட அப்போது தெரியும். ஒன்பது மணிக்கு ஏழடிப்பட்டம் ஏறினோம். சமண முனிவர்களின் 17 கற்படுக்கைகளும் தமிழி எழுத்துக் கல்வெட்டும் அங்கே உள்ளன. பாறை சுடத் தொடங்குவதற்குள் இறங்கி அறிவர் கோயில் ஓவியங்களைப் பார்த்துவிட்டு, மர நிழலில் சாப்பாடு. வெயில் உச்சியில் இருக்கும்போது அருங்காட்சியகம். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிட வேண்டாம். எந்த நாளானாலும் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. தலைமையாசிரியர் வழியாகக் கல்வி அலுவலரின் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம், முதலுதவிப் பெட்டி ஆகியவை எல்லாப் பயணத்துக்கும் உரியவை. அவற்றை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

களத்தில் என்ன செய்யலாம்?

போனதும் விளக்க உரை தொடங்கக் கூடாது என்பது என் கருத்து. பத்து நிமிடம் மாணவர்கள் சும்மா நடந்து பார்க்கட்டும். பிறகு குழுவாகப் பிரித்து வேலை கொடுக்கலாம்.

கணிதத்துக்கு இங்கே நிறைய இடம் உண்டு. ஒரு கல்வட்டத்தின் வெளிப்புறத்தைக் கயிற்றால் அளந்து, விட்டத்தையும் அளந்து வகுத்துப் பார்த்தால் மூன்றை ஒட்டி ஒரு எண் வரும். அது ஏன் சரியாக 3.14 வரவில்லை என்ற பேச்சு எட்டாம் வகுப்பினரிடம் அரை மணி நேரம் நீண்டது. பலகைக் கல்லின் எடையையும் கணக்கிடலாம். நீளம் 2 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், கனம் 20 சென்டிமீட்டர் என்றால் கன அளவு 0.6 கன மீட்டர். கிரானைட் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2,700 கிலோ. ஆக, அந்தக் கல் 1,620 கிலோ. ஒருவர் 40 கிலோ தூக்குவார் என்று வைத்தால் நாற்பது பேர் வேண்டும். “நாப்பது பேருக்கும் யாரு சார் சோறு போட்டிருப்பாங்க?” என்று ஒரு மாணவி கேட்டாள். உழவு, சேமிப்பு, ஊர்த்தலைமை என்று நான் இரண்டு வகுப்பில் நடத்த வேண்டிய பாடத்துக்கு அந்த ஒரு கேள்வியே வழிவிட்டது.

சில பதுக்கைகளின் பலகைக் கல்லில் வட்டமான துளை இருக்கும். இதை இடுதுளை என்பார்கள். அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்று திசைகாட்டியால் பார்க்கச் சொல்லலாம். துளை எதற்கு என்பதில் ஆய்வாளர்களிடையே ஒரே கருத்து இல்லை. பிற்பாடு படையல் வைக்க, மற்றொருவரின் எலும்புகளை உள்ளே சேர்க்க, உயிர் போய்வர என்று பல விளக்கங்கள் உண்டு. மூன்றையும் சொல்லிவிட்டு விட்டுவிடலாம். துளைக்குள் கைவிடக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லுங்கள். தேளுக்கும் பாம்புக்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது.

தமிழாசிரியர் உடன் வந்தால் பயணம் இரட்டிப்புப் பயன் தரும். இறந்தவர்களை எரிப்பது, வெளியில் இடுவது, குழியில் புதைப்பது, தாழியால் கவிப்பது என்று பல முறைகளை மணிமேகலை சொல்கிறது. புறநானூற்றின் 256 ஆம் பாட்டில் ஒரு பெண் குயவனிடம், தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யச் சொல்கிறாள். அதன் பொருளை எங்கள் தமிழாசிரியை கல்வட்டத்தருகே நின்று சொன்னபோது பிள்ளைகள் யாரும் பேசவில்லை.

மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, “இது எத்தனை வருஷம் ஆச்சு?” என்பது. இதில் நாம் கவனமாக இருக்க வேண்டும். மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்றும், சிவகளையில் கி.மு. 3345 வரை செல்கிறது என்றும் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை வெளியிட்டுள்ளது. அந்த ஆண்டுகள் அந்தந்த அகழாய்வுக் குழிகளில் எடுத்த மாதிரிகளுக்கு உரியவை. நாம் நிற்கும் கல்வட்டத்துக்கு அதே வயதைக் கொடுத்துவிடக் கூடாது. பெருங்கற்கால வழக்கம் பல நூற்றாண்டுகள் நீடித்தது. தோண்டி ஆய்வு செய்தால்தான் குறிப்பிட்ட ஒரு சின்னத்தின் காலம் தெரியும்.

அருங்காட்சியகத்தில் கறுப்பு சிவப்புப் பானைகளைக் காட்டுங்கள். பானையைக் கவிழ்த்துச் சுடும்போது காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுக்கும், காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும். அறிவியல் ஆசிரியர் ஆக்சிஜனேற்றம் நடத்த இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

எடுத்து வரக் கூடாதவை

ஓர் ஓடு, ஒரு சிறு கல்கூட எடுத்து வரக் கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்கு 1958 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சட்டத்துக்கு அப்பாலும் காரணம் உண்டு. ஓடு கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அது சான்று, நம் வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் வெறும் ஓடு. கற்கள்மேல் ஏறுவதும் சாய்ந்து படம் எடுப்பதும் கூடாது.

ஆனால் பலகை நட்டுப் பாதுகாக்கும் இடங்கள் கொஞ்சம்தான். மற்றவை புறம்போக்கிலும் பட்டா நிலத்திலும் பெயர் தெரியாமல் கிடக்கின்றன. ஒரு கிராமத்துச் சாலையோரத்தில் நான் பார்த்து வைத்திருந்த மூன்று கல்வட்டங்கள் இரண்டு ஆண்டு கழித்துப் போனபோது இல்லை. பொக்லைன் வைத்துச் சமன் செய்திருந்தார்கள். வட்டக் கற்கள் வேலியோரம் குவிந்து கிடந்தன. நிலத்துக்காரருக்கு அது என்னவென்று தெரியாது, யாரும் சொன்னதும் இல்லை.

அதனால்தான் பயணம் முடிந்தபின் தரும் வேலையைப் பெரிதாக நினைக்கிறேன். ‘பாண்டவர் குழி’, ‘வாலியர் வீடு’, ‘மதமதக்காத் தாழி’ என்று உங்கள் ஊரில் ஏதாவது இடம் இருக்கிறதா என்று வீட்டில் பாட்டி தாத்தாவிடம் கேட்டு வரச் சொல்வேன். சாகாமல் சுருங்கிப்போன கிழவர்களைத் தாழியில் வைத்தார்கள் என்ற கதையோடு சிலர் வருவார்கள். அதையும் எழுதி வைத்துக்கொள்வோம். இடம் உண்மையாக இருந்தால் நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு போய்ப் பார்த்து, படம் எடுத்து, கற்களின் எண்ணிக்கை, வட்டத்தின் விட்டம், அருகில் உள்ள குளம் அல்லது குன்று, கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்ட புல எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு அனுப்புகிறோம். நகல் பள்ளித் தொன்மைப் பாதுகாப்பு மன்றக் கோப்பில் இருக்கும். சரியான இடத்தைச் சமூக ஊடகத்தில் போட வேண்டாம் என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறோம். புதையல் இருக்கும் என்று நம்பித் தோண்டுகிறவர்களும் அதைப் பார்க்கிறார்கள்.