காமாலை இறங்கிய பிறகும் கல்லீரலில் தங்கும் பூட்டுகள்

கொட்டாம்பட்டி பக்கம் யாருக்காவது கண்ணு மஞ்சளாச்சுன்னா முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடிப்பார்கள். கொஞ்ச நாளில் மஞ்சள் குறையும். "காமாலை இறங்கிடுச்சு"ன்னு அதோடு விட்டுவிடுவோம்.

ஹெபடைடிஸ் ஏ வைரஸால் வந்த காமாலை என்றால் பெரும்பாலும் அது சரிதான், தானாகவே போய்விடும். பி வைரஸ் அப்படி இல்லை. பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலோர் உடம்பு அதைத் துரத்திவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். பல வருஷம் ஒரு தொந்தரவும் இருக்காது. பிறகு ஒருநாள் ஸ்கேனில் கட்டி தெரியும்.

கீழாநெல்லி இந்த வைரஸை விரட்டுமா என்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் சோதித்தே பார்த்தார்கள். எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், இந்த வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்குடன் சேர்ந்து 1988-ல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார்கள். 30 நாள் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. ஆனால் பிறகு மற்ற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்த அளவு வெற்றி திரும்பக் கிடைக்கவில்லை.

சரி, தொந்தரவே இல்லாத அந்த வருஷங்களில் கல்லீரலுக்குள் என்னதான் நடக்கிறது?

டிஎன்ஏவை ஒரு வீட்டுப் பத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் எழுத்தையே திருத்திவிடுவது ஒரு வகை மோசடி. பூஞ்சை பிடித்த கடலையில் இருக்கும் அஃப்லாடாக்சின் செய்வது இதுதான். புற்றுநோயைத் தடுக்கும் பி53 என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் எழுத்தை மாற்றுகிறது. இன்னொரு வகையில் பத்திரம் அப்படியே இருக்கும், வீட்டுக்கு மட்டும் யாரோ பூட்டுப் போட்டிருப்பார்கள். எபிஜெனிடிக் மாற்றம் என்பது இந்த இரண்டாவது வகை.

அந்தப் பூட்டு ரொம்பச் சின்னது. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன் சேர்ந்த மீத்தைல் தொகுதி. டிஎன்ஏவின் சைட்டோசின் எழுத்தின் மேல் இதை ஒட்டுவதற்கென்றே நம் செல்லில் நொதிகள் உண்டு. ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் இது நிறைய ஒட்டிவிட்டால் அந்த மரபணு வேலை செய்யாது. பி வைரஸ் தயாரிக்கும் எக்ஸ் என்ற புரதம் இந்த நொதிகளைத் தூண்டிவிடுகிறது. செல் பெருகுவதற்கு பிரேக் போடும் பி16, ஆர்ஏஎஸ்எஸ்எஃப்1ஏ போன்ற மரபணுக்கள் பூட்டப்படுகின்றன.

அதே நேரம், பூட்டியே இருக்க வேண்டிய மற்ற பகுதிகளில் பூட்டுகள் கழன்றுபோகின்றன. குரோமோசோம்கள் நிலைகுலைகின்றன. எலிகளுக்கு மீத்தைல் தரும் சத்துகளான கோலின், மெத்தியோனின் இல்லாத உணவை நீண்ட நாள் கொடுத்தபோது, வேறெந்த நச்சும் சேர்க்காமலேயே கல்லீரல் புற்றுநோய் வந்தது. குடிப்பழக்கமும் கல்லீரலின் மீத்தைல் கையிருப்பைக் குறைக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது காலக்கணக்கு. இந்தப் பூட்டுகள் கட்டி வந்த பிறகு விழுபவை அல்ல. சுருங்கித் தழும்பேறிய கல்லீரலில், புற்றுநோய் தெரிவதற்கு முன்பே இவற்றில் பல இருக்கின்றன. ஹெபடைடிஸ் சி-யை மாத்திரையால் முழுக்கக் குணப்படுத்தியவர்களிடம்கூட எபிஜெனிடிக் தடங்கள் சில மிச்சமிருப்பதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். வைரஸ் போன பிறகும் ஆபத்து முழுசாகப் போகாததற்கு இது ஒரு காரணம்.

எழுத்து மாறினால் திருத்துவது கஷ்டம், பூட்டைத் திறக்கலாமே? அசாசைட்டிடின் என்ற மருந்து அதைச் செய்கிறது. எலும்பு மஜ்ஜை நோய் ஒன்றுக்கு 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் எந்தப் பூட்டைத் திறப்பது, எதை விடுவது என்று அதற்குத் தெரியாது. கல்லீரல் புற்றுநோய்க்கு அது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

அதனால் பூட்டு விழுவதற்கு முன் தடுப்பதுதான் இப்போதைக்குக் கையில் உள்ள வழி. பிறந்த 24 மணி நேரத்துக்குள் பி தடுப்பூசி. 2011-லிருந்து இது நாடு முழுக்க இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. அதற்கு முன் பிறந்தவர்கள், கீழாநெல்லி குடித்து மஞ்சள் இறங்கியவர்கள் உட்பட, வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஹெச்பிஎஸ்ஏஜி ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொள்வது நல்லது. பாசிட்டிவ் என்றால் பயந்து ஒளிய வேண்டாம். எல்லோருக்கும் உடனே மருந்து தேவைப்படாது. தேவைப்படுபவர்களுக்கு வைரஸை அடக்கும் மாத்திரையை 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு இலவசமாகத் தருகிறது. கல்லீரல் சுருங்கியவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்துக்கொள்ள வேண்டும், உடம்பு நல்லா இருந்தாலும்.