உடன்பிறந்தது எது?

'கானேட்னஸ்' என்பது ஆங்கில நூல்களில் மிக அருகியே வழங்கும் ஒரு சொல். 'உடன்' எனப் பொருள்படும் இலத்தீன் முன்னொட்டும் 'பிறந்த' எனப் பொருள்படும் சொல்லும் இணைந்து தோன்றிய 'கானேட்' என்பதன் பெயர் வடிவம் அது. 'கூடப் பிறந்த குணம்' என்று தாம்பரத்துத் தெருக்களில் நாம் சொல்வதும் ஏறத்தாழ இப்பொருளையே தருகிறது.

'கானேட்' என்னும் அடைமொழியை அறிவியலாரும் ஆள்கின்றனர். தாவரவியலில் ஒரே வகை உறுப்புகள் ஒன்றாய் இணைந்திருப்பதை அது குறிக்கும். செம்பருத்தியின் மகரந்தத் தாள்கள் குழல்போல் கூடியிருப்பது இதற்குச் சான்று. நிலவியலில், படிவுப் பாறை உருவான வேளையிலேயே அதன் துளைகளில் சிறைப்பட்ட நீருக்கு இந்த அடைமொழி வழங்கும்.

நம் பல்லாவரக் குன்றுகளின் பாறையோ படிவுப் பாறையன்று. கொல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, 1893இல் அவ்வகைப் பாறைக்குச் 'சார்னோகைட்' எனப் பெயரிட்டார். அந்தப் பாறையின் வெடிப்புகளிலிருந்து நம் கிணறுகளில் ஊறும் நீர் மழையால் பின்னர் வந்து சேர்ந்தது. உள்ளே இருப்பதெல்லாம் உடன்பிறந்தது அன்று என்பதை இதனால் உணர்கிறோம்.

மனிதனைப் பற்றியும் இவ்வாறே ஆராய வேண்டியுள்ளது. திருக்குர்ஆனின் 30ஆம் அத்தியாயம் 30ஆம் வசனத்தில் வரும் 'ஃபித்ரத்' என்னும் சொல், இறைவன் மனிதரைப் படைத்த இயல்பைக் குறிக்கிறது. அதே வேளையில், மனிதர் தாயின் வயிற்றிலிருந்து ஏதும் அறியாதவராகவே வெளிவருகின்றனர் என்றும், அவர்களுக்குச் செவியும் பார்வையும் இதயமும் அருளப்பட்டன என்றும் 16:78 உணர்த்துகிறது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கினால், உடன்பிறந்தது நிறைந்த அறிவு அன்று, அறிவையும் உண்மையையும் ஏற்கும் தகுதியே எனக் கொள்ளலாம். 12ஆம் நூற்றாண்டில் ஆண்டலூசிய அறிஞர் இப்னு துஃபைல் 'ஹய் இப்னு யக்ளான்' என்னும் நூலில் இக்கருத்தையே கதையாக்கினார். தனித் தீவில் வளரும் குழந்தையொன்று, கண்டும் சிந்தித்தும் இறைவனை அறிகிறது. 1671இல் இந்நூல் இலத்தீனில் வெளிவந்தது. பிறவியிலேயே கருத்துகள் பதிந்திருப்பதை மறுத்த ஜான் லாக்கின் நூல் 1690ஆம் ஆண்டைத் தாங்கி வந்தது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 'இவனுக்குப் பிறவியிலேயே கணக்கு வராது', 'அது அவர்கள் பிறப்பின் குணம்' எனக் கூறும்போது, சூழலால் பின்னர் வந்து சேர்ந்ததை உடன்பிறந்ததாக்கிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பைக் கேட்டு வளரும் பிள்ளை, முயல்வதையே கைவிடக்கூடும். ஆகவே பிறவிக்குணம் என்று சொல்லும் முன், அது பாறையோடு பிறந்த நீரா, பின்னர் இறங்கிய மழைநீரா என்று வினவிக்கொள்வது நம் கடமையாகும்.