அடுக்களை மேடைக்குக் காங்கிரீட் பலகை

நின்று சமைப்பதற்கேற்ற மேடை இக்காலத்தில் கிராம வீடுகளிலும் அமைக்கப்பட்டு வருகிறது. கடப்பைக் கல் வாங்க இயலாதவர்கள் காங்கிரீட் பலகை வார்த்துக்கொள்ளுகிறார்கள். அப்பலகை சில மாதங்களில் வெடித்துவிடின், சிமெண்டின்மீது பழி சுமத்துவது வழக்கம். பெரும்பாலும் குற்றம் தண்ணீரைச் சேர்ந்ததேயாகும். கலக்கும்போது அது மிகுதியாகவும், வார்த்த பின்னர் குறைவாகவும் விடப்படுகிறது.

சிமெண்டு உலர்வதனால் இறுகுவதன்று. தண்ணீருடன் கூடி இரசாயன மாறுதல் அடைவதனால் இறுகுகிறது. தேவைக்கு மிஞ்சிய தண்ணீர் ஆவியாகி, நுண்ணிய துளைகளை விட்டுச் செல்லும். அதனால் பலகை வலுவிழக்கும். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு, மணலிலுள்ள ஈரத்தையும் சேர்த்து, 25 லிட்டருக்கு மேற்படலாகாது.

சிமெண்டு 1 பங்கு, மணல் 1½ பங்கு, அரை அங்குல ஜல்லி 3 பங்கு என்பது தக்க அளவு. கடல் மணல் உதவாது. அதிலுள்ள உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். கட்டி தட்டிய சிமெண்டையும் தள்ளிவிட வேண்டும்.

6 அடி நீளமும், 2 அடி அகலமும், 2½ அங்குல கனமுமுள்ள பலகை சுமார் 170 கிலோ எடையிருக்கும். ஆதலால் அதனைத் தாங்கு சுவர்களின்மேலேயே வார்ப்பது நலம். சுவர்களுக்கிடையே 3 அடிக்கு மேல் இடைவெளி வேண்டாம். அடிப்பலகைக்கும் பக்கச் சட்டங்களுக்கும் எண்ணெய் தடவினால் காங்கிரீட் ஒட்டாது.

பாரம் ஏறும்போது, இரு சுவர்களுக்கிடையே பலகையின் அடிப்புறம் இழுபடும். காங்கிரீட் நசுக்கத்தைத் தாங்குமேயன்றி இழுப்பைத் தாங்காது. ஆகையால் 8 மில்லிமீட்டர் கம்பிகளை நெடுக்கிலும் குறுக்கிலும் 6 அங்குலத்துக்கு ஒன்றாகக் கட்டி, அடியிலிருந்து முக்கால் அங்குலம் உயர்த்தி வைக்க வேண்டும். கலவையைக் கொட்டியபின் காற்று வெளியேறும்படி நன்றாகக் குத்தி, மட்டப்பலகையால் சமன் செய்து, கரணையால் தேய்க்க வேண்டும். மேலே ஊறும் நீரை உறிஞ்சச் சிமெண்டுத் தூள் தூவுவது தவறு. அப்பரப்பு பின்னர் பொருக்காகப் பெயரும். ஈரச் சிமெண்டு தோலைப் புண்ணாக்குமாதலின், வேலை செய்வோர் ரப்பர் கையுறை அணிதல் அவசியம்.

பலகை இறுகியதும் சாக்கைப் போர்த்தி, 10 நாட்களுக்கு ஈரம் உலராமல் தண்ணீர் விட்டு வர வேண்டும். அதுவரை அடிப்பலகையை எடுக்கலாகாது. புளி, எலுமிச்சை இவற்றின் புளிப்பு சிமெண்டை அரிக்கும். சிந்தினால் உடனே துடைத்துவிட வேண்டும்.

இத்தகைய பலகை ஒன்றுக்கு ஒரு மூட்டைச் சிமெண்டில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கே செலவாகும். தனித்தனியே வாங்கினால் எஞ்சியது ஈரம் பட்டுக் கெடும். 3 குடும்பத்தார் ஒரே நாளில் வார்ப்பதானால் 2 மூட்டைகளே போதும். வார்ப்புப் பலகைகளைச் சங்கத்தின் பொதுவுடைமையாக வைத்துக்கொண்டால் அவை வீட்டுக்கு வீடு பயன்பட்டு, அங்கத்தினர் ஒவ்வொருவருடைய செலவும் குறையும்.