மாதவிடாய் நிறுத்தத்திற்குப் பிந்தைய இயக்குநீர் சிகிச்சையும் தோல் சிக்கல்களும்

மாதவிடாய் நிறுத்தத்திற்குப் பிந்தைய இயக்குநீர் சிகிச்சை (ஹார்மோன் சிகிச்சை) என்பது, சூலகங்கள் சுரப்பதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்ட ஈஸ்ட்ரோஜனை மாத்திரை, மருந்து ஒட்டு, கூழ் முதலிய வடிவங்களில் உடலுக்கு அளிக்கும் மருத்துவ முறையாகும். உடலெங்கும் திடீரெனப் பரவும் வெப்ப உணர்வு, இரவு வியர்வை, எலும்புத் தேய்மானம் ஆகியவற்றுக்காகவே இது பரிந்துரைக்கப்படுகிறது. இச்சிகிச்சையைப் பெறும் பெண்களிடம் காணப்படும் தோல் சிக்கல்கள் இரு வகைப்படும். ஈஸ்ட்ரோஜன் குறைவால் முன்பே தொடங்கியவை ஒரு வகை. மருந்தினால் புதிதாகத் தோன்றுபவை மற்றொரு வகை. எது எவ்வகை என்று அறியாமல் மருந்தை நிறுத்துவதோ மாற்றுவதோ சில வேளைகளில் தோலைவிடப் பெரிய தீங்கில் முடியும்.

தோலும் ஈஸ்ட்ரோஜனும்

தோலின் உயிரணுக்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் உள்ளன. இந்த இயக்குநீர் குறையும்போது தோல் மெலிந்து, ஈரப்பதத்தையும் மீள்திறனையும் இழக்கிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலிலுள்ள கொலாஜன் புரதத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடும், அதன்பின் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடும் குறைவதாக 1980களில் செய்யப்பட்ட ஆய்வுகளை ஒட்டிப் பரவலாகக் கூறப்படுகிறது. வறட்சி, அரிப்பு, எளிதில் கன்றிப்போதல் ஆகியன பொதுவான அறிகுறிகள். தோல்மீது எறும்பு ஊர்வது போன்ற உணர்வும் சிலருக்கு ஏற்படும்.

இதனால் ஈஸ்ட்ரோஜன் இளமையைத் திருப்பித் தரும் என்ற எண்ணம் ஒரு காலத்தில் வேரூன்றியது. அமெரிக்க மருத்துவர் ராபர்ட் வில்சன் 1966இல் வெளியிட்ட 'ஃபெமினைன் ஃபாரெவர்' என்னும் நூல் இதைப் பெரிதும் பரப்பியது. சிகிச்சையால் கொலாஜன் கூடுவதைச் சில ஆய்வுகள் காட்டின. எனினும் குறைந்த அளவு மருந்தைக் கொண்டு நடத்தப்பட்ட பிற்காலச் சோதனைகளில் முகச்சுருக்கம் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. தோல் முதுமைக்கென்று மட்டும் இச்சிகிச்சை பரிந்துரைக்கப்படுவதில்லை. வறட்சிக்கு எளிய வழிகளே போதும். வெந்நீரைத் தவிர்த்து வெதுவெதுப்பான நீரில் குளிப்பதும், காரமான சோப்பைக் குறைப்பதும், ஈரம் முழுதும் உலருமுன் கிளிசரின் அல்லது பெட்ரோலியம் ஜெல்லி கலந்த பூச்சைத் தடவுவதும் பயன் தரும்.

மருந்து ஒட்டினால் ஏற்படும் தோலழற்சி

பேட்ச் எனப்படும் எஸ்ட்ராடையால் மருந்து ஒட்டு அமெரிக்காவில் 1986இல் ஒப்புதல் பெற்றது. தோல் வழியே நேராகக் குருதியில் கலப்பதால் மருந்து முதலில் கல்லீரலைக் கடக்க வேண்டியதில்லை. மாத்திரையோடு ஒப்பிடக் குருதி உறையும் வாய்ப்பும் குறைவு. தொடக்ககால ஒட்டுகளில் மருந்து ஆல்ககாலில் கரைந்த நிலையில் சிறு பையில் அடைக்கப்பட்டிருந்தது. அந்த ஆல்ககால் தோலை உறுத்தியது. பின்னர் வந்த, பசையிலேயே மருந்தைக் கலந்த மெல்லிய ஒட்டுகளில் இத்தொல்லை வெகுவாகக் குறைந்தது, முற்றிலும் நீங்கவில்லை.

ஒட்டிய இடம் சிவப்பதற்கு இரு காரணங்கள் உண்டு. முதலாவது வெறும் உறுத்தல். இது ஒட்டின் விளிம்புக்குள்ளேயே நிற்கும்; ஒட்டை எடுத்தபின் மெல்ல மறையும். இரண்டாவது ஒவ்வாமை. இதில் சிவப்பு விளிம்பைத் தாண்டிப் பரவும். கடும் அரிப்பும் சிறு கொப்புளங்களும் தோன்றும். ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் மோசமாகும். ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் பசையே காரணம். அரிதாக எஸ்ட்ராடையாலே காரணமாக இருக்கும். அந்நிலையில் மாத்திரைக்கு மாறினால் உடல் முழுவதும் தடிப்பு வரக்கூடும் என்பதால், மாற்றுவதற்கு முன் தோல் மருத்துவரின் ஒவ்வாமைச் சோதனை தேவை.

உறுத்தலைப் பெரும்பாலும் ஒட்டும் முறையிலேயே தவிர்க்கலாம். அடிவயிறு, பிட்டம் ஆகிய இடங்களில் மாறிமாறி ஒட்ட வேண்டும்; ஒரே இடத்திற்கு ஒரு வாரத்திற்குள் திரும்பக் கூடாது. மார்பகத்தில் ஒட்டவே கூடாது. பாவாடை நாடாவோ இடுப்புப் பட்டையோ உராயும் இடமும் பொருந்தாது. எண்ணெய், முகப்பூச்சு, பவுடர் எதுவும் இல்லாமல் தோல் உலர்ந்திருக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கமுள்ளோர் குளித்து, தோல் நன்கு உலர்ந்த பின்னரே புதிய ஒட்டை ஒட்டுவது நல்லது. எடுத்த இடத்தில் எஞ்சும் பசையை மட்டும் சிறிது எண்ணெய் தொட்டுத் துடைக்கலாம், சுரண்டுவதால் புண்ணாகும்.

ஒட்டு ஒவ்வாதோர்க்குத் தோலில் தடவும் கூழ் அல்லது தெளிப்பு மாற்றாகும். இவற்றைத் தடவிய இடம் உலரும் வரை மூடக் கூடாது. கைகளை உடனே கழுவ வேண்டும். தெளிப்பு மருந்து பட்ட தோலைத் தொட்ட குழந்தைகளுக்கு மார்பக வளர்ச்சி போன்ற மாற்றங்கள் ஏற்பட்டது குறித்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010இல் எச்சரித்தது. பேரக்குழந்தைகளைத் தூக்கி வளர்க்கும் வயதில்தான் இம்மருந்து பயன்படுத்தப்படுகிறது என்பதால் இது சிறிய செய்தியன்று.

மங்கு

கன்னம், நெற்றி, மேலுதடு ஆகிய இடங்களில் பழுப்பு நிறத் திட்டுகளாகப் படியும் மங்கு, கருவுற்ற காலத்தில் மட்டுமன்றி இயக்குநீர் சிகிச்சையின்போதும் வரலாம். சிலருக்கு முன்கைகளிலும் தோன்றும். இயக்குநீரும் சூரிய ஒளியும் சேர்ந்தே இதை உண்டாக்குகின்றன. ஆகவே வெயில் காப்பு இன்றிச் செய்யும் எந்தச் சிகிச்சையும் நிலைப்பதில்லை. கண்ணுக்குப் புலப்படும் ஒளியும் மங்கை மிகுவிப்பதால், மாநிறத்தோர்க்கு இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள வெயில் காப்புப் பூச்சு சிறந்தது.

இந்தியாவில் மங்குக்கென மருந்துக் கடைகளில் கேட்டு வாங்கப்படும் கலவைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு உள்ளது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், குருதி நாளங்கள் வெளித்தெரியும், பருக்கள் கிளம்பும். ஈஸ்ட்ரோஜன் குறைவால் ஏற்கெனவே மெலிந்த தோலுக்கு இது இரட்டைக் கேடு. தோலில் பூசும் ஸ்டீராய்டு மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்பதற்கு இந்திய அரசு 2018இல் தடை விதித்தது.

பருவும் முடி வளர்ச்சியும்

கருப்பை உள்ள பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனுடன் புரோஜெஸ்டோஜனும் கொடுக்கப்படுகிறது. நாரெதிஸ்டெரோன், லெவோநார்கெஸ்ட்ரெல் போன்ற சில புரோஜெஸ்டோஜன்களுக்கு ஆண் இயக்குநீரை ஒத்த இயல்பு சிறிது உண்டு. எனவே முகத்தில் எண்ணெய்ப் பசை, பரு, தாடையில் முடி ஆகியன தோன்றலாம்.

பருவுக்குக் காரணம் இன்ன மாத்திரை எனக் கண்டு அதை மட்டும் கைவிடுவது ஆபத்தானது. ஈஸ்ட்ரோஜன் தனியாகச் செயற்படும்போது கருப்பையின் உட்சவ்வு தடித்து, புற்றுநோய் வரும் வாய்ப்பு உயர்கிறது. 1975இல் வெளியான அமெரிக்க ஆய்வுகள் இதை வெளிப்படுத்திய பின்னரே புரோஜெஸ்டோஜனைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாயிற்று. பரு தொல்லை தந்தால் மருத்துவரைக் கலந்து இயற்கைப் புரோஜெஸ்டிரோன், டைட்ரோஜெஸ்டிரோன் போன்ற வேறொன்றுக்கு மாறலாம். இயற்கைப் புரோஜெஸ்டிரோன் உறைகள் சிலவற்றில் வேர்க்கடலை எண்ணெய் உள்ளதால் கடலை ஒவ்வாமை உடையோர் கவனிக்க வேண்டும்.

சொல்லத் தயங்கும் அரிப்பு

பெண்ணுறுப்புப் பகுதியின் வறட்சிக்கும் எரிச்சலுக்கும் அவ்விடத்திலேயே இடும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் நன்கு உதவுகிறது. ஆனால் இயக்குநீர் சிகிச்சையில் இருந்தும் அரிப்பு நீடித்து, வெண்ணிறத் தடங்கள் தென்பட்டால் அது லைக்கன் ஸ்கிலிரோசஸ் என்னும் தோல் நோயாக இருக்கலாம். இதற்கு ஈஸ்ட்ரோஜன் மருந்தாகாது. மருத்துவர் மேற்பார்வையில் வீரியமிக்க ஸ்டீராய்டுக் களிம்பே தரப்படுகிறது. மங்குக்குத் தீங்கான அதே வகை மருந்து இங்கு இன்றியமையாததாகிறது. கவனிக்காமல் விட்டால் வடுவும், சிலருக்குக் காலப்போக்கில் புற்றுநோயும் ஏற்படலாம். கூச்சத்தால் ஆண்டுக்கணக்கில் மறைக்கப்படும் நோய்களுள் இதுவும் ஒன்று.

உடன் கவனிக்க வேண்டியவை

ஒரு கால் மட்டும் சிவந்து வீங்கி வலித்தால் ஆழ்சிரையில் குருதி உறைந்திருக்கக் கூடும். தோலும் கண்ணும் மஞ்சளாதல் கல்லீரல் அல்லது பித்தப்பைக் கோளாற்றைக் குறிக்கலாம். உதடு, நாக்கு, முகம் ஆகியன திடீரென வீங்குவது மூச்சுக்கு இடையூறாகும். இம்மூன்றிலும் பூச்சு மருந்தால் பயனில்லை. உடனடியாக மருத்துவமனையை அணுக வேண்டும்.